காயல்பட்டினத்துக் கட்டில்

முத்தையாபுரத்தில் நாங்கள் கட்டிய வீட்டின் படுக்கையறைக் கதவை என் கணவர் மூன்று தடவை அளந்தார். மூன்று தடவையும் அளவு மாறவில்லை. பிறகு டவுனில் இருந்த வாடகை வீட்டுக்கு வந்து கட்டிலை அளந்தார். எப்படிச் சாய்த்தாலும் எப்படித் திருப்பினாலும் அது அந்தக் கதவுக்குள் நுழையப்போவதில்லை என்று தெரிந்ததும், டேப்பைச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டு, வீடு கட்டும்போதே இதை யோசித்திருக்க வேண்டும் என்றார். வீட்டுக்குப் பிளான் போட்டவர் அவர்தான்.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர். கப்பலிலிருந்து கண்டெய்னரைத் தூக்கி, கீழே நிற்கிற டிரெய்லரின் நான்கு மூலையிலும் சரியாகப் பொருந்துகிற மாதிரி இறக்கி வைப்பது அவர் வேலை. அத்தனை உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, தன் கால்களுக்கு நடுவே குனிந்து பார்த்தபடியே அதைச் செய்வார். நான் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் ஷிப்பிங் பில் தயாரிக்கிறேன். அவர் தூக்குகிற பெட்டிகளுக்கு நான் காகிதம் எழுதுகிறேன் என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. இப்படிப்பட்ட இரண்டு பேருக்கு ஒரு கட்டிலைக் கழற்றி மாட்ட ஒரு வாரம் ஆனது. அதுவும் பத்தாமல் காயல்பட்டினத்திலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது.

கட்டில் எங்களிடம் வந்ததும் காயல்பட்டினத்திலிருந்துதான். எங்களுக்குக் கல்யாணமான புதிது. இருபத்து மூன்று வருஷம் இருக்கும். அந்த ஊர் வீடு ஒன்றில் நல்ல தேக்குக் கட்டிலைக் கொடுக்கப்போகிறார்கள் என்று ஒரு லாரி டிரைவர் என் கணவரிடம் சொன்னார். இருவரும் போனோம். அந்த வீட்டு மனிதர் வளைகுடாவில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு, இனிப் போவதில்லை என்று ஊர் திரும்பியிருந்தார். அவர் முன் அறையில் என் கணவரோடு பேசிக்கொண்டிருக்க, அவர் மனைவி என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கட்டிலைக் காட்டினார். அப்போது அவருக்கு நாற்பது, நாற்பத்திரண்டு வயதிருக்கலாம். கட்டிலைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் புகழ்ந்து சொல்லவில்லை. நான் பார்த்து முடிக்கும்வரை கதவோரமாக நின்றுகொண்டிருந்தார். ஏன் கொடுக்கிறீர்கள் என்று நானும் கேட்கவில்லை. வாங்க வந்த இடத்தில் அதை எப்படிக் கேட்பது?

தலைமாட்டில் உயரமான இரண்டு கால்கள், கால்மாட்டில் குட்டையான இரண்டு. ஒவ்வொரு காலிலும் சட்டம் வந்து சேருகிற இடத்தில் ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிதாக, மரத்திலேயே செதுக்கிய பூ. ஒரு காலுக்கு இரண்டு வீதம் எட்டுப் பூக்கள். அந்தப் பூக்களுக்காகத்தான் நான் சரி என்றேன். கட்டிலை அப்படியே முழுசாகத் தூக்கி மினி லாரியில் ஏற்றி, முழுசாகவே கொண்டுவந்து எங்கள் வீட்டில் இறக்கினார்கள். அந்த வாடகை வீடு முன்பு ஏதோ ஒரு உப்புக் கம்பெனிக்கு ஆபீஸாக இருந்தது. இரட்டைக் கதவைத் திறந்தால் ஒரு ஜீப்பே உள்ளே வரலாம். அதனால் கட்டிலைக் கழற்ற வேண்டிய தேவையே வரவில்லை. அதில்தான் என் மகள் தவழ்ந்தாள். அதிலிருந்து விழுந்து பல்லையும் உடைத்துக்கொண்டாள். இப்போது அவள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கட்டில் நின்ற இடத்தைவிட்டு ஒரு சாண்கூட நகரவில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் என் கணவர் ஸ்பேனர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போனார். அரை மணி நேரம் கழித்து ஒட்டடையோடு வெளியே வந்தார். எங்கேயும் ஒரு ஸ்க்ரூ இல்லை, ஆணி இல்லை. மரச்சுத்தியலில் துணியைச் சுற்றிச் சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். கட்டில் முனகியதே தவிர அசையவில்லை. கடைசியில் எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, "ஏளா, இது ஒட்டுப் போட்டுச் செஞ்சது. கழலாது. நாலு மூலையிலயும் அறுத்துட்டு, அங்க போய் இரும்பு ஆங்கிள் வச்சு முடுக்கிருவோம்" என்றார்.

"வாளை வச்சியன்னா பாருங்க" என்றேன். "புது வீட்டுக் கதவை இடிங்க. கட்டில் முழுசா வரட்டும்."

அவர் சிரித்துவிட்டார். ஆனால் சொன்னதை அவர் பாதி நிஜமாகத்தான் சொன்னார், நானும் பாதி நிஜமாகத்தான் பதில் சொன்னேன்.

வழி கிடைத்தது என் கையில்தான், அதுவும் யோசித்து அல்ல. அவர் தட்டியதில் ஒரு பூவின்மேல் கறை பட்டிருந்தது. தேங்காயெண்ணெய் நனைத்த துணியால் அதைக் கொஞ்சம் அழுத்தித் துடைத்தேன். பூ நகர்ந்தது. உடைத்துவிட்டேன் என்று பதறிக் கையை எடுத்தேன். பிறகு மெதுவாக விரலால் தள்ளினால், ஒரே ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டு அது கடிகார முள் மாதிரி பக்கவாட்டில் திரும்பியது. அதற்குப் பின்னால் ஒரு துளை. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே ஆழத்தில் ஓர் இரும்பு போல்ட்டின் தலை. இருபத்து மூன்று வருஷமாக வாரம் தவறாமல் நான் துடைத்த பூக்கள் அவை.

என் கணவருக்கு என்மேல் மரியாதை வந்த அபூர்வமான நாட்களில் அதுவும் ஒன்று. ஆனால் அவரிடம் இருந்த ஸ்பேனர் எதுவும் அந்தத் துளைக்குள் போகவில்லை. போனது பொருந்தவில்லை. போல்ட்டின் தலை சதுரம். அளவோ இந்தக் காலத்துக் கணக்கில் எதிலும் சேரவில்லை. இதற்கென்று தனியாக ஒரு சாவி செய்திருப்பார்கள் என்று அவர் சொன்னார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்ததும் பைக்கில் கிளம்பினோம். வெறுங்கையோடு போகக் கூடாதே என்று ஆத்தூரில் நிறுத்தி, அப்போதுதான் நனைத்துக் கட்டிய வெற்றிலை ஒரு கட்டும் ஒரு சீப்புக் கோழிக்கோடு பழமும் வாங்கினோம். காயல்பட்டினத்தில் தெரு மறந்துபோயிருந்தது. இரண்டு இடத்தில் விசாரித்துத்தான் வீட்டைக் கண்டுபிடித்தோம். கதவைத் திறந்தவர் அந்த அம்மாதான். கண்ணாடி போட்டிருந்தார், உடம்பு கொஞ்சம் தடித்திருந்தது. நான் யார் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், "கட்டில் எடுத்துட்டுப் போன புள்ளதானே?" என்றார்.

அந்த ஊரில் அக்காவை ராத்தா என்பார்கள். நானும் அப்படியே அழைத்து, வந்த விஷயத்தைச் சொன்னேன். என் கணவர் அறுக்கப் பார்த்ததைச் சொன்னபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு பிஸ்கட் டின்னோடு திரும்பி வந்து, அதற்குள்ளிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். குறுக்குப் பிடி வைத்த நீளமான இரும்புச் சாவி. துரு ஒரு பொட்டுக்கூட இல்லை.

"அன்னைக்கே தந்திருக்கணும்" என்றார். "தர மனசு வரல்ல."

முதலில் எந்த போல்ட்டைத் தளர்த்துவது, தலைமாட்டுப் பலகையை எப்படி மேல்நோக்கி உருவுவது என்று வரிசையாகச் சொன்னார். கையில் கட்டில் இருக்கிற மாதிரியே காற்றில் திருகிக் காட்டினார். மாட்டும்போது சொல்லுங்கள், நான் வருகிறேன் என்றார். எதற்குச் சிரமம், போனில் கேட்டுக்கொள்கிறோம் என்றேன். போனில் சொன்னால் புரியாது என்றார். வீட்டுக்காரர் முன் அறையில் ஈசிசேரில் படுத்திருந்தார். எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். எங்களை அவருக்கு ஞாபகம் இருந்ததா என்று தெரியவில்லை.

சாவி வந்த பிறகு கழற்றுவது ஒரு மணி நேர வேலையாகப் போனது. என் கணவர் ஒவ்வொரு போல்ட்டாக உருவி டிபன் பாத்திரத்தில் போட்டார். தலைமாட்டுப் பலகையை உருவியபோது அதன் இடுக்கிலிருந்து மகளின் சிவப்பு ஹேர்கிளிப் ஒன்று விழுந்தது. ஆபீஸ் பழக்கத்தில் நான் எல்லாத் துண்டுகளிலும் லேபிள் ஒட்டினேன்: தலைமாடு இடது, தலைமாடு வலது, நீளச் சட்டம் ஜன்னல் பக்கம் என்று. ஷிப்பிங் பில் போட்டாச்சா என்று அவர் கிண்டல் செய்தார். நான் ஒட்டியதில் தப்பில்லை. குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும் வழியில், அந்த மாதத்தில் பெய்யாத மழை பெய்தது. முத்தையாபுரத்தில் இறக்கும்போது என் லேபிள்களில் பாதி தார்ப்பாயில் ஒட்டியிருந்தன. மீதியில் மை கரைந்திருந்தது.

அடுத்த இரண்டு நாட்களும் அவர் லீவு போட்டார். நீளச் சட்டங்கள் இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி. குறுக்குச் சட்டங்களும் அப்படித்தான். நாங்கள் ஒரு விதமாக வைத்து முடுக்கினோம். ஏழு போல்ட் ஏறியது. எட்டாவது ஏறவில்லை, துளையும் துளையும் ஒரு நெல்மணி அளவுக்கு விலகி நின்றன. எல்லாவற்றையும் கழற்றி இடம் மாற்றி வைத்தோம். இந்த முறை ஆறுதான் ஏறியது. மூன்றாவது தடவை ஒரு கால் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. என் கணவர் புது டைல்ஸ் தரையில் கால்நீட்டி உட்கார்ந்துவிட்டார். டிரில்லிங் மிஷின் இரவல் கேட்டு வேறு துளை போட்டுவிடலாமா என்று மெல்ல ஆரம்பித்தார். நான் அவரைப் பார்த்தேன். சரி, போன் பண்ணு என்றார்.

ராத்தா சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாடகைக் காரில் வந்து இறங்கினார். கூடவே அவர் கணவரும் வந்திருந்தார். எழுபதைத் தாண்டிய மெலிந்த மனிதர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி, கையில் ஓர் ஊன்றுகோல். வீட்டில் தனியாக விட்டுவிட்டு வந்தால் போன் பண்ணிக்கொண்டே இருப்பார், அதனால் கூட்டி வந்துவிட்டேன் என்று ராத்தா சொன்னார். என் கணவர் அவரைக் காக்கா என்று அழைத்து, படுக்கையறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். துறைமுகத்தில் பழகி அவருக்கு அது சரளமாக வரும்.

ராத்தா புர்காவைக் கழற்றிக் கொடியில் போட்டார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். பழைய டூத் பிரஷ் ஒன்றும் கொஞ்சம் தேங்காயெண்ணெயும் கேட்டார். கொடுத்தேன். ஒரு சட்டத்தின் முனையை மடியில் தூக்கி வைத்து எண்ணெய் தொட்டுத் தேய்த்தார். அழுக்கு என்று நாங்கள் நினைத்திருந்த இடத்தில் வரிசையாக மூன்று கோடுகள் தெரிந்தன. உளி முனையால் போட்ட மெல்லிய கோடுகள். பிறகு காலின் துளையோரத்தைத் தேய்த்தார். அங்கேயும் மூன்று.

"மூணுக்கு மூணு" என்றார். "ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும் இருக்கு. மாத்திப் போட்டா சேராது."

என் கணவர் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பெட்டியின் நம்பரையும் டிரெய்லரின் நம்பரையும் தினமும் ஒத்துப் பார்க்கிற மனிதர். அவருக்கு அது எவ்வளவு பிடித்துவிட்டது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. மீதி ஏழு இடத்தையும் அவரே பிரஷ் வாங்கித் தேய்த்தார்.

இன்னொரு தவறும் செய்திருந்தோம். ஒவ்வொரு போல்ட்டையும் போட்ட உடனே அவர் இறுக முடுக்கிவிட்டார். அது கூடாது என்றார் ராத்தா. எட்டு போல்ட்டும் துளையின் வாயை மட்டும் பிடித்துக்கொண்டு தளர்வாக நிற்க வேண்டும். எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். சொல்லிக்கொண்டே அவர் கை வேலை செய்தது. அறுபத்தைந்து வயசுக் கை என்று சொல்ல முடியாது. பையிலிருந்து ஒரு பழைய நூல்சேலைக் கயிற்றை எடுத்து, தலைமாட்டுக் காலையும் சட்டத்தையும் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றி, முழங்காலால் சட்டத்தை ஏந்தி முடிச்சுப் போட்டார்.

நாங்கள் இரண்டு பேரும் பிடித்துக்கொண்டுதானே நிற்கிறோம், கயிறு எதற்கு ராத்தா என்று என் கணவர் கேட்டார்.

"ரெண்டு பேரு பிடிச்சு நான் மாட்டுனதே இல்ல தம்பி" என்றார் அவர், முடிச்சைப் பார்த்தபடி.

வாசலில் உட்கார்ந்திருந்தவர் தலையை நிமிர்த்தினார். "நீ எப்ப மாட்டுன?"

அவர் குரலில் கோபமோ சந்தேகமோ இல்லை. புரியாததால் கேட்டார், அவ்வளவுதான். ராத்தா சாவியைத் துளைக்குள் விட்டுத் திருகிக்கொண்டே சொன்னார். அவர் சொன்னதை நான் இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். அவர் அப்படி வரிசையாகச் சொல்லவில்லை. நடுநடுவே என் கணவரிடம், கொஞ்சம் தூக்குங்க, போதும் என்று சொல்லிக்கொண்டே சொன்னார்.

கல்யாணம் ஆன நாற்பதாவது நாள் அவர் கணவர் சபருக்குப் போனார். பிழைப்புக்காக வெளிநாடு போவதைத்தான் அவர்கள் சபர் என்கிறார்கள். அந்தக் கட்டில் ராத்தாவின் வாப்பா கொழும்பிலிருந்து மகளுக்காக வரவழைத்தது. அது அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. கணவர் போன மூன்றாம் நாள் அவர் கட்டிலைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுத் தரையில் பாய் போட்டார். இரண்டு வருஷம் கழித்து லீவில் வருகிறேன் என்று கடிதம் வந்தது. வருவதற்கு இரண்டு நாள் முன்பு கட்டிலை மாட்டி மெத்தை போட்டார். இரண்டு மாத லீவு முடிந்து அவர் திரும்பிப் போனதும் மறுபடியும் கழற்றினார். பிள்ளைகள் பிறந்த பிறகும் அப்படித்தான். பிள்ளைகளோடு பாயில் படுத்துக்கொண்டார். இருபது வருஷத்துக்கு மேல் இதையே செய்திருக்கிறார். ஒரு தடவைகூட யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை.

"ஒவ்வொரு தடவையுமா?" என்றார் காக்கா.

"ஒவ்வொரு தடவையும்தான்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"ஒளிக்கல்ல. நீங்க வரும்போது கட்டில் நின்னுச்சு. போகும்போதும் நின்னுச்சு. நடுவுல உள்ளதை நீங்க கேக்கல்ல."

நானும் என் கணவரும் ஆளுக்கொரு பக்கம் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றோம். விட்டுவிட்டு வெளியே போகவும் முடியாது. காக்கா ஊன்றுகோலின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க ரூம்ல படுத்துக் கெடக்கும்போது எல்லாம்" என்று ஆரம்பித்தவர், நிறுத்தி, மறுபடியும் சொன்னார். "நீ அந்தக் கட்டில்லதான் படுத்திருப்பேன்னு நெனச்சுக்கிடுவேன். சுவர்ப் பக்கமா. எனக்குள்ள எடத்தை விட்டுட்டு."

ராத்தா சாவியிலிருந்து கையை எடுத்தார். "மூணு நாளு அப்படித்தான் கெடந்து பாத்தேன்" என்றார். "முடியல்ல. அதான் கழட்டிட்டேன்."

காக்கா எழுந்தார். ஊன்றுகோலை நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உள்ளே வந்தார். என் கணவர் பிடித்திருந்த சட்டத்தின் முனையில் கை வைத்தார். என் கணவருக்கு உடனே புரிந்தது. பிடியை விட்டு விலகிக்கொண்டார். நானும் என் பக்கத்தைக் கயிற்றை நம்பி விட்டுவிட்டேன். எட்டாவது போல்ட் மட்டும்தான் பாக்கி. கொஞ்சம் மேல என்றார் ராத்தா. காக்கா தூக்கினார். அவ்வளவு வேண்டாம் என்றார். அவர் இறக்கினார். போல்ட் உள்ளே போய்க் கவ்விப் பிடித்தது.

நான் டீ போடுகிறேன் என்று சொல்லிவிட்டு சமையலறைக்குப் போனேன். இரண்டு நிமிஷத்தில் என் கணவரும் பின்னாலேயே வந்து நின்றார். சர்க்கரை டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தார், மூடினார். பால் பொங்குகிறவரை இரண்டு பேரும் அங்கேயே நின்றோம்.

டீ குடித்த பிறகு டம்ளர் கழுவுகிற சாக்கில் ராத்தா என்னோடு சமையலறைக்கு வந்தார். அன்றைக்கு வாங்கப் போனபோது கேட்காமல் விட்டதை இப்போது கேட்டேன். அவர் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். காக்கா வேலை பார்த்த இடத்தில் ஓர் அறையில் ஆறு பேர். ஒன்றன்மேல் ஒன்றாக இரும்புக் கட்டில்; ஆள் ஒருக்களித்துப் படுக்கிற அகலம். இருபது வருஷம் அதில் படுத்த உடம்பு. ஊருக்கு வந்த பிறகு பக்கத்தில் இன்னொரு ஆள் படுத்திருந்தால் அவருக்குத் தூக்கமே வரவில்லை. லீவில் வந்த காலத்திலும் அப்படித்தான் இருந்திருக்கும், இரண்டு மாதம்தானே என்று சமாளித்திருப்பார். ஊரோடு வந்த பிறகு, ராத்திரி எழுந்து போய் முன் அறைத் தரையில் படுத்துக்கொள்வார். கட்டில்தான் சரியில்லை என்று அவராகவே முடிவு செய்து, இதைக் கொடுத்துவிட்டு இரண்டு ஒற்றைக் கட்டில் வாங்கிப் போட்டார். அறையின் இந்தச் சுவரில் ஒன்று, அந்தச் சுவரில் ஒன்று. ராத்தா வேண்டாம் என்று சொல்லவில்லை. தூங்காமல் கிடக்கிற மனிதரிடம் என்னவென்று சொல்வது என்று என்னைக் கேட்டார்.

நாங்கள் திரும்பி வந்தபோது காக்கா கட்டிலின் வெறும் பலகையில் உட்கார்ந்திருந்தார். ஒரு பூவை விரலால் திருப்பித் திருப்பி மூடிக்கொண்டிருந்தார். என் கணவரைப் பார்த்து, கொஞ்சம் தயங்கி, "தம்பி, இதை எங்களுக்கே திருப்பித் தருவியளா?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இது என் கட்டில். என் மகள் பல்லை உடைத்துக்கொண்ட கட்டில். கொடுக்கக் கூடாது என்றும் தோன்றியது, கொடுக்காமல் எப்படி இருப்பது என்றும் தோன்றியது. நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர், "எடுத்துக்கிடுங்க காக்கா. நானே கழட்டிக் கொண்டாந்து மாட்டித் தாரேன்" என்று சொல்லிவிட்டார். ஒரு நொடிகூட அவர் யோசிக்கவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அந்தக் கோபம் முழுசாக வந்து சேர்வதற்குள்ளேயே, இந்த மனிதரைத்தான் கட்டிக்கொண்டோம் என்று ஒரு சந்தோஷமும் வந்தது.

முடிவைச் சொன்னது ராத்தாதான். அவர் கணவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "வேண்டாம் புள்ளே. நான் வச்சிருந்த காலத்துல முக்காவாசி நாளு இது சுவத்துல சாஞ்சுதான் நின்னுச்சு. உங்க வீட்டுலதான் ஒழுங்கா நின்னிருக்கு. இங்கேயே நிக்கட்டும்."

காக்கா தலையாட்டினார். அதற்குமேல் கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு இருக்கச் சொன்னோம். லுஹர் தொழுகைக்குள் ஊர் போய்ச் சேர வேண்டும் என்று கிளம்பிவிட்டார்கள். ராத்தா சாவியைத் துணியில் சுற்றி என்னிடமே கொடுத்தார். காரில் ஏறும்போது காக்கா முன் சீட்டுக் கதவைத் திறந்தார். பிறகு அதை மூடிவிட்டுப் பின் சீட்டில் போய் ராத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஊன்றுகோல் இரண்டு பேருக்கும் நடுவில் இடித்தது. ராத்தா அதை வாங்கிக் கீழே போட்டார்.

மூன்று வாரம் கழித்து ராத்தா போன் பண்ணினார். பேச்செல்லாம் குறைசொல்லும் பேச்சாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போன மறுநாளே காக்கா இரண்டு ஒற்றைக் கட்டிலையும் இழுத்துச் சேர்த்துப் போட்டுவிட்டாராம். நகராமல் இருக்க நைலான் கயிற்றால் கால்களைக் கட்டியிருக்கிறாராம், அதுவும் அவிழ்க்க முடியாத முடிச்சு. நடுவில் இருக்கிற பள்ளத்தில் ஒரு போர்வையை மடித்துத் திணித்திருக்கிறாராம். அந்தப் போர்வை உருண்டு உருண்டு ராத்தாவின் முதுகில் குத்துகிறதாம். காக்கா தூங்குகிறாரா என்று கேட்டேன். ஒரு நாள் தூங்குகிறார், ஒரு நாள் கண்ணைத் திறந்துகொண்டு கிடக்கிறார் என்றார். ஆனால் எழுந்து போவதில்லை என்றார்.

அந்த மாதம் என் கணவருக்கு மத்தியான ஷிப்ட். ஒரு நாள் சாயங்காலம் டீ இடைவேளையில் கிரேன் கூண்டிலிருந்தே எனக்குப் போன் செய்தார். அவர் அப்படிச் செய்கிற வழக்கமில்லை. ஏதாவது ஆகிவிட்டதா என்று பயந்துபோய் எடுத்தேன். ஒன்றுமில்லை, சும்மாதான் என்றார். பிறகு, என்ன செய்கிறாய், எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். ஆபீஸிலிருந்து வந்து தலைவலியோடு கொஞ்சம் படுத்திருக்கிறேன் என்றேன்.

"கட்டில்லதான?" என்றார்.

இல்லை, ஹாலில் பாய் விரித்துப் படுத்திருக்கிறேன், இங்கேதான் கடல்காற்று வருகிறது என்று உள்ளதைச் சொன்னேன். அந்தப் பக்கம் காற்றின் இரைச்சலும் கீழே ஏதோ லாரியின் ஹாரனும் கேட்டன.

"லீவு சொல்லிட்டு வரட்டுமா?" என்று கேட்டார்.

வேண்டாம், கப்பல் நிற்கிறது, வேலையைப் பாருங்கள் என்று சொல்லி நான் போனை வைத்தேன்.